எழுதினால் செய்தி வாசிப்பு, எழுதாவிட்டால் நாற்பது நிமிடம்

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி வலையொளியில் (யூடியூபில்) காணொளி போடுகிறார். எழுதி வைத்துக்கொண்டு பேசினால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறதாம். எழுதாமல் பேசினால் நாற்பது நிமிடம் ஓடுகிறது, அதில் தேறும் ஆறு நிமிடத்தைப் பொறுக்கி எடுக்க இரண்டு வாரம் போகிறது. அடுத்து, எழுபத்தைந்தைத் தாண்டிய தன் பாட்டி பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த) கதையை எடுக்கப்போகிறார். "ஸ்கிரிப்ட் எழுதணுமா வேண்டாமா, எழுதினா எப்படி எழுதறது, டெலிபிராம்ப்டர் வாங்கலாமா" என்று முடித்திருக்கிறார். (பேச வேண்டியதைக் கேமரா பக்கத்தில் ஓட்டிக் காட்டும் கருவி அது.) பார்வைக்கு இது எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வி. அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, எதையெல்லாம் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும், எதை அந்த நேரத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என் தொழில் எடிட்டிங். கோலாலம்பூரில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வெட்டிச் சேர்த்துப் பழகினேன். இப்போது ஈப்போவில் உட்கார்ந்து கல்யாணம், திருவிழா, பள்ளி விழா, வலையொளிக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மெமரி கார்டு என்று வேலை போகிறது. படம் எடுத்தவருக்குத் தான் எடுத்தது தெரியும்; எடுக்காமல் விட்டது எடிட்டருக்குத்தான் தெரியும். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன். சிரிப்புத் துண்டுகள், கேம் நேரலை, பொருள் விமர்சனம் இதிலெல்லாம் எனக்குப் பழக்கமில்லை; நான் சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரு மனிதரிடம் பேசி, ஓர் இடத்தைக் காட்டி, ஒரு விஷயத்தைப் புரியவைக்கும் காணொளிக்கு இது பொருந்தும்.

எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பேசப்போகும் பேச்சை எழுதாதீர்கள். கல்யாணச் சமையல்காரர் கொடுக்கும் சாமான் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். அரிசி எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை என்று இருக்கும். எப்போது கிண்டுவது, உப்பு எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது. அது அவர் கைக்குத் தெரியும். தேங்காய் வந்து சேராவிட்டால்தான் கை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் தாளும் அப்படி ஒரு சீட்டாக இருந்தால் போதும். எடிட் செய்ய உட்காரும் ராத்திரி என்னென்ன கையில் இருந்தாக வேண்டும், அதை மட்டும் எழுதுங்கள். நாற்பது நிமிடம் ஓடியதற்குக் காரணம் உங்கள் வாய் நீளம் இல்லை. எது போதும் என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறீர்கள்.

சீட்டு எழுதுவதற்கு முன்னால், காணொளி எந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் கேள்வியோடு போட்டிருந்த குறிப்பைப் படித்தேன். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளும் அவற்றில் இன்னும் நிற்கும் ஒரு மரமும், 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் தொடங்கியது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தனும் 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், பாட்டியின் வேலை, இன்று ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. எல்லாமே நல்ல விஷயம்தான். நானும் ஒன்று சேர்க்கிறேன்: சம்பந்தன் பிறந்ததும் ஜூன் 16 தான், 1919-இல், அதே சுங்கை சிப்புட்டில். கேட்டதும் "அட, இதையும் போட்டுடலாமே" என்று மனம் துள்ளுகிறது, இல்லையா? நாற்பது நிமிடம் இங்கேதான் பிறக்கிறது. குறிப்பில் இருப்பவை ஐந்து காணொளி. ஒன்றாகக் கட்டினால் ஒன்றும் தேறாது.

நான் வாடிக்கையாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். இதைப் பார்த்து முடித்தவர் வீட்டில் இன்னொருவரிடம் போய் ஒரே வாக்கியத்தில் என்ன சொல்வார்? உங்கள் பாட்டி காணொளிக்கு அது, "விடியறதுக்கு முன்னாடி இருட்டுல போய் அத்தனை மரத்தை எப்படி வெட்டினாங்கன்னு அந்தப் பாட்டி காட்டுறாங்க" என்பதாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் கேள்வி, ஒரு பால்வெட்டுக்காரிக்கு ஒரு காலைப்பொழுது எப்படிப் போனது என்பது. இந்தச் சல்லடையில் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தபோது உங்கள் பாட்டி சின்னப் பிள்ளை. அவர் கத்தி பிடித்த காலைப்பொழுதில் அது இல்லை, எடுத்துவிடலாம். 1877 மரம் ஒரு வரியில் வரலாம், வராமலும் போகலாம். அடுத்து சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கத் தொடங்கிய சங்கம் அது. பாட்டி வேலை செய்த தோட்டத்தையும் சங்கம் வாங்கியதா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அது இரண்டாவது காணொளி. எடுத்துவிட்டவற்றை வேறு தாளில் எழுதி வையுங்கள். அழித்துவிடவில்லை என்று தெரிந்தால் மனம் அதிகம் அடம்பிடிக்காது.

அடுத்து பாட்டியிடம் முன்கூட்டிப் பேசுவது. ஒரு கதையை மனிதர் முதல் தடவை சொல்லும்போது இருக்கும் உயிர் இரண்டாம் தடவை பாதியாகிவிடும். முதல் நாள் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுநாள் கேமரா முன்னால் அதையே கேட்டால், "அதான் நேத்தே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார். வெட்டும் மேசையில் இந்த "சொன்னேனே" வந்து விழாத வாரமே கிடையாது. அதனால் கதையைப் பெரியம்மாவிடமோ, பாட்டியோடு வேலை செய்த இன்னொருவரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டியிடம் விவரம் மட்டும் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை வயதில் வேலைக்குப் போனார், மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) பெயர் என்ன, பழைய படம் ஏதும் பெட்டியில் இருக்கிறதா, அந்தக் காலத்துக் கத்தி இருக்கிறதா. இவை சீட்டுக்கு வேண்டும். கதை கேமராவுக்கு வேண்டும்.

இப்போது தாள். ஏ4 தாளில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. தொலைக்காட்சியில் இருப்பவர்களுக்கு இது பழைய வழக்கம். எந்தச் செயலியும் தேவையில்லை. முதலில் இடப்பக்கத்தை நிரப்புங்கள். பேச்சை முதலில் எழுதினால் படம் அதன் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கும். கடைசியில் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பதுதான் படமாக மிஞ்சும். இடப்பக்கம் நிரம்பியதும் வலப்பக்கத்தில் பல வரிகள் தேவைப்படாமல் போவதைப் பார்ப்பீர்கள். கண் பார்த்துவிட்டதை வாய் திரும்பச் சொல்ல வேண்டாம்.

பால் வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். "மரம் வெட்டுவது" என்று எழுதிக்கொண்டு போனால் தூரத்தில் நின்று ஒரே ஷாட்டாக மூன்று நிமிடம் எடுத்துவருவீர்கள். எனக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வேலையைக் காட்டக் குறைந்தது ஐந்து ஷாட் வேண்டும்: கை, முகம், ஆள் முழுதாகத் தெரியும் தூரம், தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பது, பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம். கையை எழுதும்போது உள்ளே இறங்கி எழுதுங்கள். கத்தி இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிவாக இறங்கும். முந்தைய வெட்டில் நூல்போல ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை முதலில் இழுத்து எடுப்பார்கள். பட்டை மெல்லிய சுருளாக உதிரும். உடனே வெள்ளையாக வராது, பொட்டுப் பொட்டாகக் கசிந்து பிறகு ஒன்றுசேர்ந்து கோடாகி, மரத்தில் செருகிய தகரத்தில் இறங்கி மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும். அந்தப் பொட்டுகள் கோடாகும் சில நொடிகளைக் கிட்டத்தில் எடுத்துவந்தால், அதன் மேல் பாட்டி எதைச் சொன்னாலும் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள். கைப்பேசியை ஆட்டி ஆட்டித் தேடுவதுதான் புதியவர்களுடைய கார்டில் பாதி இடத்தைத் தின்கிறது.

சீட்டில் நேரமும் இருக்க வேண்டும், ஏனென்றால் பால்மரம் உங்களுக்காகக் காத்திருக்காது. விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டில் கிளம்பினார்கள். ஆனால் இருட்டில் உங்கள் கைப்பேசிக்கு ஒன்றும் தெரியாது. தலைவிளக்கு வெளிச்சத்தில் நடந்து போவதை ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு, வெட்டும் ஷாட்டுகளை வெளுக்கத் தொடங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மங்கு நிறைவதும் பால் எடுப்பதும் சில மணி நேரம் கழித்து வரும். இன்று வெட்டிய மரத்தை மறுநாளே வெட்டுவதும் வழக்கமில்லை, ஒன்றிரண்டு நாள் ஓய்வு விடுவார்கள். தவறவிட்டால் வெட்டுக்காரர் அடுத்த நிரைக்கு (மர வரிசைக்கு) போய்விடுவார். இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டே இருக்காது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரம் இலை உதிர்த்து நிற்கும்போதும் பால் குறையும். ஆக, சீட்டின் தலையில் இரண்டு தேதி எழுதுங்கள்: ஒன்று போகும் தேதி, ஒன்று மழை வந்தால் போகும் தேதி. தோட்டமெல்லாம் செம்பனையாகிவிட்டதே, வெட்டு மரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? கோலகங்சார் பக்கத்துச் சின்னத்தோட்டக்காரர்களை விசாரியுங்கள். நான் பார்த்தவரை, மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

இனி வலப்பக்கம், அதாவது பேச்சு. செய்தி வாசிப்பதுபோல் ஆவதற்குக் காரணம் நீங்கள் எழுதியது இல்லை, எழுதிய தமிழ். பேனா பிடித்ததும் கை தானாக "அதிகாலையில் எழுந்து பணிக்குச் செல்வார்கள்" என்று போட்டுவிடுகிறது. வாய் அதை வாசித்துத்தான் ஆக வேண்டும், பேச முடியாது. இதற்கு நான் சொல்லும் வழி: எழுதாதீர்கள், முதலில் சொல்லுங்கள். விஷயம் தெரியாத ஒரு சிநேகிதனை மனத்தில் வைத்துக்கொண்டு கைப்பேசியின் குரல்பதிவில் ஒரே மூச்சாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, சொன்ன சொல்லிலேயே எழுதி, சுற்றி வளைத்ததை மட்டும் அடியுங்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பேசினால் நீங்கள் பேசுவதுபோலவே இருக்கும், ஏனென்றால் அது நீங்கள் பேசியதுதான்.

அப்போதும் எல்லாவற்றையும் முழு வாக்கியமாக எழுதத் தேவையில்லை. மூன்று இடத்துக்கு மட்டும் முழுதாக எழுதி வாயில் பழகிக்கொள்ளுங்கள்: தொடக்கத்து இரண்டு மூன்று வாக்கியம், ஆண்டும் எண்ணும் பெயரும் வரும் வரிகள், முடிக்கும் வாக்கியம். முடிவை எழுதாதவர்கள்தான் "ஓகே, அவ்ளோதான், அப்புறம் வேற என்ன" என்று ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி வருவார்கள். நடுவில் வருவதற்கெல்லாம் ஒற்றைச் சொல் குறிப்பு போதும்: "பெரட்டு" (காலையில் ஆள் கணக்கெடுப்பது), "காண்டா வாளி" (தோளில் தடி வைத்துத் தூக்கும் பால் வாளி), "மழைநாள் சம்பளம்". அந்தச் சொல்லைப் பார்த்ததும் உங்களுக்குப் பேச்சு வராவிட்டால், எழுதியது போதவில்லை என்று அர்த்தம் இல்லை. அந்த விஷயம் உங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டி பேசப்போவதை எழுதவே கூடாது. அவரிடம் கேட்கப்போவதை எழுதுங்கள். "பாட்டி, அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா சாமி, ரொம்பக் கஷ்டம்" என்று முடித்துக்கொள்வார். அதையே "காலையில எழுந்து அடுப்பு மூட்டினதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகையில் விட்டது, அது அழுதது, திரும்பிப் பார்க்காமல் பெரட்டுக்கு ஓடியது என்று வரிசையாக வரும். ஆமாம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வியாகவும், கையால் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்கும் கேள்வியாகவும் பார்த்து எழுதுங்கள். இன்னொன்று: உங்கள் கேள்வியை எடிட்டில் எடுத்துவிடப் போகிறீர்கள் என்றால், பதிலில் அந்தக் கேள்வி அடங்கியிருக்க வேண்டும். "எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" "மூணு மணி." இந்த "மூணு மணி"யைத் தனியாக நான் எங்கே வைப்பது? "நான் மூணு மணிக்கே எழுந்திருச்சிடுவேன்" என்று முழுதாகச் சொல்லும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். அவர் நிறுத்தியபின் நீங்களும் நான்கு நொடி சும்மா இருந்தால், வயதானவர்கள் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்தான் உண்மையான விஷயத்தைச் சொல்கிறார்கள். சீட்டில் "வாயை மூடு" என்றே எழுதி வைத்துக்கொள்ளலாம். என் மாணவர்களை எழுத வைத்திருக்கிறேன்.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இணையத்தில் ஒரு நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் என்று போட்டிருப்பார்கள். அது ஆங்கிலத்துக்குச் சொன்னது. தமிழில் "போய்க்கிட்டிருந்தப்பத்தான்" என்பது ஒரே சொல். நிதானமாகப் பேசினால் தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்துக்குள் நிற்கும் என்பது என் அனுபவம். உங்கள் வேகத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எட்டு நிமிடக் காணொளியில் நான்கு நிமிடம் பாட்டி பேசினால், ஒன்றரை நிமிடம் பேச்சில்லாத படமும் ஒலியும் என்றால், உங்களுக்கு மிச்சம் இரண்டரை நிமிடம். அதாவது இருநூற்றைம்பது சொல். ஏ4 தாளில் ஒரு பக்கம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் முதலில் அதிர்ச்சியாகத்தான் பார்ப்பார்கள்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலையொளி பற்றிய அறிவுரையில் பாதி ஊகம்தான். தொடக்கத்தில் ஆட்கள் கழன்றுகொள்வது உறுதி; உங்கள் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் முப்பதாவது நொடியில் எத்தனை விழுக்காட்டினர் மிச்சம் என்றே போட்டிருக்கும், போய்ப் பாருங்கள். "வணக்கம் நண்பர்களே, சேனலுக்குப் புதுசுன்னா சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று ஓடும் அந்த இடத்தில்தான் கோடு சரிந்திருக்கும். எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதும் உறுதி, 2020 வரை அது பத்து நிமிடமாக இருந்தது. அதற்காக ஆறு நிமிட விஷயத்தை எட்டாக இழுப்பது உங்கள் பார்வையாளருக்குச் செய்யும் அநியாயம். காணொளியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் அத்தியாயம் போடுவதானால் முதல் நேரக்குறி 0:00 ஆக இருக்க வேண்டும், மொத்தம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. உங்கள் சீட்டின் பகுதிகளே அத்தியாயமாகிவிடும். மாறாக, மனிதனின் கவனம் எட்டு நொடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று பரவும் கதைக்கு உருப்படியான ஆய்வு எதுவும் பின்னால் இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பரப்பியது. மூன்று நொடிக்குள் தூண்டில் போடு, செவ்வாய்க்கிழமை மாலை ஏற்று, முகப்புப் படத்தில் சிவப்பு அம்புக்குறி வை என்பதெல்லாம் சிலருக்குப் பலித்திருக்கலாம். உங்கள் பாட்டி காணொளிக்குப் பலிக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் நான் வைக்கச் சொல்வது பால் கசியும் அந்த நொடிகளும், பாட்டியின் ஒரு வாக்கியமும். உங்கள் முகம் அதற்குப் பிறகு வரட்டும்.

ஒலியைச் சீட்டில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்தால் என்னென்ன கேட்கும் என்று ஒரு நாள் சும்மா கவனியுங்கள்: செம்பனைக் குலை ஏற்றிய லாரி, சைலன்சர் போன மோட்டார், கோயில் ஒலிபெருக்கி, பாங்கோசை, பக்கத்து வீட்டுக் கராவோக்கே, மத்தியானத்துக்கு மேல் தகரக்கூரையில் மழை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள். எங்கள் தொழிலில் இதில் இரண்டு கருத்து கிடையாது. பேட்டியைக் காலை ஒன்பது பத்து மணிக்கு வையுங்கள். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை முப்பது நொடி பதிவு செய்யுங்கள். பாட்டியின் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நான் வெட்டிய இடம் தெரியாமல் இருக்க அந்த முப்பது நொடிதான் உதவும். குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதானால் இன்னொரு குறிப்பு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்க முடிந்தால் 1/50 நொடி வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் வரி வரியாக ஓடும். சன்னல் ஓரம் உட்கார வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அனுமதியையும் சீட்டில் சேருங்கள். தோட்டம் பொது இடம் இல்லை. பாட்டி அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் இன்று அது ஒரு நிறுவனத்தின் நிலம். வாசலில் நிற்கும் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், ஒரு வாரம் முன்னதாக அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கடிதம் கொடுத்து மானேஜரின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். லயத்து வீடு (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு) இடிபட்டிருக்கிறதா, நிற்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இல்லாத வீட்டைத் தேடிக்கொண்டு படப்பிடிப்பு நாளில் அலைய வேண்டாம். இப்போது அங்கே வேலை செய்யும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர் முகங்கள் படத்தில் வந்தால் அவர்களையும் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு முகம் வெளியே தெரிவதில் நமக்குத் தெரியாத சிக்கல் இருக்கலாம். பாட்டி சொன்னதில் இன்னொரு குடும்பத்தின் கதை கலந்திருந்தால், ஏற்றுவதற்கு முன் பாட்டிக்கும் பெரியவர்களுக்கும் போட்டுக்காட்டிவிடுங்கள். ஊர் சின்னது.

இத்தனையும் எழுதிக்கொண்டு போனபின், அங்கே சீட்டில் இல்லாத ஒன்று நடக்கும். நடக்கட்டும். கோலகங்சார் பக்கம் ஒரு பெரியவரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்து கதவுநிலையில் வைத்து, மரத்தில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும், ஆழமாகப் போனால் மண்டோர் என்ன சொல்லித் திட்டுவார் என்று செய்தே காட்டினார். சம்பளக் கேள்வி அங்கேயே விழுந்தது, காணொளியின் நடுப்பகுதி கிடைத்தது. படம் எடுத்தவர் தயங்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கட்டாயம் வேண்டியவை ஏற்கெனவே சீட்டில் டிக் ஆகியிருந்ததால்தான் அவரால் அப்படிப் போக முடிந்தது. எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்று தெரியாதவருக்கு இந்த மாதிரி நேரத்தில் பதற்றம்தான் வரும், இரண்டையும் விட்டுவிடுவார்.

எடுத்து முடித்த அன்றே, மறக்குமுன், இன்னொரு தாள் எழுதுங்கள். கார்டில் இருப்பதைப் போட்டுப் பார்த்து, நல்ல இடம் எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று நேரத்தோடு குறித்து, அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்று தாளிலேயே அடுக்குங்கள். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகு. உங்கள் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வெட்டுவதில் போகவில்லை, "அது எங்கே இருந்துச்சு" என்று தேடுவதில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். படப்பிடிப்பிலும் ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தேடும் வேலை பாதி குறையும்.

கடைசியாக டெலிபிராம்ப்டர். வாங்க வேண்டாம். மேலே சொன்னபடி செய்தால் நீங்கள் வாசிக்க வேண்டியது ஐந்தாறு வாக்கியம்தான். கேமராவுக்குப் பக்கத்தில் கிட்டத்தில் வைத்துப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது பார்ப்பவருக்குத் தெரியும், செய்தி வாசிப்பு நோய் இன்னும் முற்றும். அந்தக் காசில் கைப்பேசியில் செருகும் காலர் மைக் வாங்குங்கள். வயர் வைத்தது நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்டுக்குள்) கிடைக்கும். படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் பாட்டி பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் வருவார். பட்டு மைக்கில் உரசி ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று கேட்கும், பிறகு என்னாலும் அதை எடுக்க முடியாது. பழைய நூல்சேலையே நல்லா இருக்கு பாட்டி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.